சனிக்கிழமை ஆறு குளிசை

மொன்றியல் டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் பதினொரு வருடம் மரக்கறி வெட்டினேன். மாரிகாலத்தில் ஒருநாள் காலை வெங்காயத்தை எடுத்து வைத்துவிட்டுக் கத்தியைப் பிடித்தால், விரல்கள் மடங்கவில்லை. குளிராக்கும் என்று சுடுதண்ணிக் குழாயின் கீழ் கையைப் பிடித்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து மெல்ல மெல்ல மடங்கியது. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். இரண்டு கையிலும் ஒரே இடத்து மூட்டுகள், ஒரே மாதிரி வீங்கின. ஒரு கிழமை போக, சட்டைப் பொத்தான் பூட்டுவதற்கு மனைவி மெற்றில்டாவை, நான் மெற்றில் என்பேன், கூப்பிட வேண்டியதாயிற்று.

குடும்ப டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டு டொக்டரிடம் அனுப்பினார். அந்தச் சந்திப்புக்கு ஐந்து மாதம் காத்திருந்தேன். மூட்டு டொக்டர் உயரமான, மெதுவாகக் கதைக்கிற ஒரு பெண். என் விரல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அழுத்திப் பார்த்துவிட்டு, "முடக்குவாதம்" என்பதற்கான ஆங்கிலப் பெயரைச் சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் மாறிப்போய்ச் சொந்த மூட்டுகளையே தாக்குகிற வருத்தம். வயது போனவர்களுக்கு வருகிற மூட்டுத் தேய்வு இல்லை இது. விட்டால் எலும்பை அரிக்கும். மருந்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

அவர் தந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. முக்கியமான குளிசைக்கு மெதோட்ரெக்சேற் என்று பெயர். அதைத் தினமும் போடக்கூடாது. கிழமையில் ஒருநாள் மட்டும், ஆறு குளிசையையும் ஒன்றாகப் போட வேண்டும். என் நாள் சனிக்கிழமை. மற்ற ஆறு நாளும் போலிக் அசிட் என்ற விற்றமின் குளிசை ஒவ்வொன்று. முதல் மருந்து உடம்பில் செய்கிற கெடுதலை அது குறைக்கும். ஆக இதிலும் கிழமைக்கு ஆறு, அதிலும் கிழமைக்கு ஆறு. இரண்டும் சின்ன, மஞ்சள் குளிசைகள். மெற்றில் ஏழு அறை வைத்த பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று வாங்கி வந்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிரப்பி வைப்பாள். சனிக்கிழமை ஆறையும் ஒரு சின்னக் கோப்பையில் போட்டுக் கையில் தருவாள்.

முதல் மூன்று சனிக்கிழமையும் ஒழுங்காகப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வயிற்றைப் பிரட்டும். எங்கள் உணவகத்தில் கூட்டம் கூடிய நாள் ஞாயிறுதான். காலை ஏழு மணியிலிருந்து முட்டை பொரிகிற மணத்துக்குள் நிற்க வேண்டும். மூன்றாம் ஞாயிறு இரண்டு தரம் பின்கதவால் ஓடிப்போய்ச் சத்தியெடுத்தேன். போதாததற்கு, என்னோடு வேலை செய்த ஒருவர் மருந்துப் பெயரைக் கேட்டுவிட்டு, "அண்ணை, அது கான்சருக்குக் குடுக்கிற மருந்தெல்லே?" என்றார். அது உண்மைதான். கூடிய அளவில் கான்சருக்கும் கொடுக்கிறார்கள். என் அக்கா கொழும்பில் கான்சருக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனவா. தலைமயிர் கொட்டிய அவவின் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது.

நாலாம் சனிக்கிழமை கோப்பையை வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போனேன். ஆறு குளிசையையும் கொமட்டுக்குள் போட்டுத் தண்ணியை இழுத்து விட்டேன். அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அதுதான். போலிக் அசிட்டை மட்டும் தினமும் விழுங்கினேன், அது விற்றமின்தானே. கிளினிக்கில் நேர்ஸ் ஒவ்வொரு தரமும் கேட்பார்: "மருந்து எடுக்க மறந்தீர்களா?" "ஒருநாளும் இல்லை" என்பேன். அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் மறக்கவில்லைத்தானே.

முதல் மாதங்களில் வீக்கத்தை அடக்க ஸ்ரெரொயிட் குளிசையும் தந்திருந்தார்கள். அது வேலை செய்ததால் நான் சுகமாக நடந்து திரிந்தேன். டொக்டர் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினதும் நோ திரும்பி வந்தது. ஒரு புதன்கிழமை விடிய எழும்பினால் வலது முழங்கால் தேங்காய் போல வீங்கி, தொட்டால் கொதித்தது. காய்ச்சலும் இருந்தது. மொன்றியல் நோர் பகுதியில் எங்கள் அபார்ட்மெண்ட் மூன்றாம் மாடியில். மெற்றில் தோள் கொடுத்து ஒவ்வொரு படியாக இறக்கினாள்.

அவசரப் பிரிவில் காலையிலிருந்து பின்னேரம் வரை கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். பிறகு ஒரு இளம் டொக்டர் முழங்காலில் ஊசி போட்டு நீர் எடுத்தார். விறைக்கப் பண்ணிவிட்டுத்தான் செய்தார், ஆனாலும் உள்ளே ஏதோ இழுபடுவது தெரிந்தது. வந்தது கலங்கின மஞ்சள் நீர். "மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம். அப்படியென்றால் மூட்டை இரண்டு மூன்று நாளில் அழித்துவிடும். இந்த நீரை ஆய்வுகூடத்தில் வைத்துக் கிருமி வளருதா என்று பார்க்க வேண்டும். அதுவரை இங்கேயே இருங்கள்" என்று சொன்னார். நரம்பு வழியாக மருந்து ஏறத் தொடங்கியது.

என்னை விட்டது இரண்டு கட்டில் அறையில். யன்னல் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கலீல். மோசுலில் கணித ஆசிரியராக இருந்தவர். போருக்குப் பிறகு குடும்பத்தோடு ஜோர்தானுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து இரண்டு வருடம். பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலம் என்னைப் போலத்தான், துண்டு துண்டாக. கையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது, அவருக்கும் என் வருத்தம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்தது மூட்டுக்காக இல்லை. வாய் முழுக்கப் புண். பத்து நாளாகச் சாப்பிட முடியாமல் மெலிந்து போயிருந்தார். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டு போயின.

"திங்கட்கிழமை இங்கே குத்துவார்கள்," என்று இடுப்பெலும்பைத் தொட்டுக் காட்டினார். எலும்புக்குள் இருக்கிற மச்சையை எடுத்துப் பார்ப்பது. இரத்தம் அங்கேதான் உண்டாகிறது. "இரத்தப் புற்றுநோயோ என்று பார்க்க." அதை அவர் ஒரு பாடத்தின் தலைப்பைச் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னார். அவருடைய மனைவி ஹனாதான் அந்தச் சொல் வந்ததும் எழும்பி யன்னலடிக்குப் போனா.

வியாழக்கிழமை பின்னேரம் மெற்றில் எனக்குச் சோறு கொண்டு வந்தாள். கலீல் ஆஸ்பத்திரிச் சூப்பை ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுழித்ததைப் பார்த்தாள். "பாவம், உப்பு எரிக்குது போல" என்றாள். வெள்ளிக்கிழமை வரும்போது பால் விட்ட சவ்வரிசிக் கஞ்சியை நல்லாக ஆறவைத்து, போத்தலில் கொண்டு வந்தாள். நேர்ஸிடம் காட்டிக் கேட்டுவிட்டு ஹனாவிடம் கொடுத்தாள். கலீல் அரைப் போத்தல் குடித்தார். ஹனா பதிலுக்குப் பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பிஸ்கற்றை எங்கள் இருவர் கையிலும் திணித்தா. மனைவிமார் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பொதுச் சொல்கூட இல்லை. ஆனாலும் நன்றாகத்தான் கதைத்தார்கள்.

அதற்கு முன், வியாழன் காலை நடந்ததைச் சொல்லவேண்டும். மூட்டு டொக்டர் என் கட்டிலுக்கு வந்தார். கிருமி இதுவரை வளரவில்லை, அநேகமாக இது முடக்குவாதத்தின் கோபம்தான் என்றார்.

"மெதோட்ரெக்சேற் உங்களிடம் வேலை செய்யவில்லை என்று நினைக்கிறேன். ஏழெட்டு மாதம் கொடுத்துப் பார்த்தாயிற்று. இனிப் புது ஊசிக்கு மாற வேண்டும். அது பலமானது. எதிர்ப்புச் சக்தியை நன்றாக அடக்கிவிடும். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ காசநோய் வந்ததா?"

நான் இரண்டு வருடம் இந்தியாவில் அகதி முகாமில் இருந்தவன். பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர் இருமி இருமிச் செத்ததைப் பார்த்தவன். அதைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். "அப்படியென்றால் முதலில் சோதிக்க வேண்டும். உள்ளே உறங்குகிற காசநோயை அந்த ஊசி எழுப்பிவிடக்கூடும்." என் கையில் சோதனைக்கான மருந்தைத் தோலுக்குள் ஏற்றினார்கள். சனிக்கிழமைக் குளிசையைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு, மெற்றில் கஞ்சியோடு வந்து நின்ற நேரத்தில்தான், றீமா என்ற பெண் வந்தாள். லெபனான் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். முடக்குவாதம் உள்ள அரபு பேசுகிற நோயாளிகள் மருந்தைச் சொன்னபடி எடுக்கிறார்களா என்று அளப்பதுதான் அவளுடைய வேலை. ஆங்கிலத்தில் இருந்த கேள்விகளை அரபுக்கு மாற்றியிருந்தார்கள். கலீலுக்குக் கிளினிக்கில் ஏற்கனவே இரண்டு தரம் அந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தாளாம். மூன்றாம் தவணைக்கு அவர் கட்டிலில் கிடந்தபடியால், அனுமதி வாங்கிக்கொண்டு இங்கேயே வந்தாள். வீட்டிலிருந்து குளிசைப் போத்தல்களைக் கொண்டுவரச் சொல்லி ஹனாவுக்கும் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

றீமா கேட்கக் கேட்க, கலீல் ஒவ்வொன்றுக்கும் "லா" என்றார். இல்லை என்று அர்த்தம், கேள்விகள் என்ன என்று றீமா பிறகு எனக்குச் சொன்னாள். மறந்ததில்லை. சுகமானதும் நிறுத்தினதில்லை. பயணம் போகும்போது விட்டதில்லை. நோன்பு மாதத்தில்கூட இரவு எடுத்திருக்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி, புண் வாயோடு சிரித்தார். "முழுப் புள்ளி," என்றார் ஆங்கிலத்தில்.

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். என் துண்டு ஆங்கிலத்தில் கேட்டேன். "தங்கச்சி, இதை ஏன் அளக்க வேணும்? எடுத்தா எடுக்கிறார்கள், விட்டா விடுகிறார்கள்."

அவள் குளிசைகளை ஒரு காகிதத் தட்டில் கொட்டி எண்ணிக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "ஒருவர் மருந்தை விழுங்காமல், விழுங்குகிறேன் என்று சொன்னால் டொக்டர் என்ன நினைப்பார்? மருந்து பலிக்கவில்லை என்று நினைப்பார். அதைவிடப் பலமானதைக் கொடுப்பார். அது அந்த ஆளுக்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம்." அவள் யாரையும் குறிவைத்துச் சொல்லவில்லை. என் கையில் காசநோய்ச் சோதனை செய்த இடம் அரித்துக் கடித்தது.

"கணக்கு அப்படியே சரி," என்றாள் றீமா. போத்தலில் மிச்சம் இருக்க வேண்டிய அளவு, ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. ஹனாவும் எங்களுடையதைப் போல ஒரு ஏழு அறைப் பெட்டி கொண்டு வந்திருந்தா. நாளைய சனிக்கிழமை அறையைத் திறந்து றீமா தட்டில் கொட்டினாள். ஆறு மஞ்சள் குளிசை.

நான் பிஸ்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தட்டைப் பார்த்தேன். ஆறு குளிசையின் நடுவிலும் ஒரு கோடு ஓடியது. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் தண்ணிக்குள் போட்டு, சுழன்று சுழன்று போகும் வரை பார்த்துக்கொண்டு நின்ற குளிசையில் கோடு இல்லை. கோடு உள்ளதை எனக்கு வேறு விதமாகத் தெரியும், அதைத்தான் தினமும் விழுங்குகிறேன்.

"எனக்கு நிச்சயமில்லை," என்றேன். "வேற பார்மசி, வேற கொம்பனியாயும் இருக்கலாம். ஆனா என்ரை வீட்டிலை கோடு இருக்கிறது விற்றமின். மற்றதுதான் மெதோட்ரெக்சேற்." தமிழில் சொன்னேன் என்பது மெற்றில் என்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னேன்.

றீமா போத்தல்களின் பிரெஞ்சு லேபலை வாசித்தாள். வெள்ளிக்கிழமை அறையில் தனியாக இருந்த ஒரு குளிசையை எடுத்துப் போத்தலில் இருந்ததோடு ஒப்பிட்டாள். பிறகு எழும்பி, ஓடாமல், ஆனால் மிக வேகமாக வெளியே போனாள். ஆஸ்பத்திரி மருந்தாளரையும் கலீலுடைய டொக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

நடந்தது இதுதான். முந்தி ஹனாவுக்குக் கிடைத்த விற்றமின் குளிசை வேறு நிறம். இரண்டு மாதத்துக்கு முன் பார்மசியில் வேறு கொம்பனியின் குளிசை வந்தது, அதுவும் மஞ்சள். லேபல் பிரெஞ்சில். சனிக்கிழமை ஆறு, மற்ற நாள் ஒன்று என்பது ஹனாவுக்கு நன்றாகத் தெரியும். எது ஆறு, எது ஒன்று என்பதுதான் மாறிவிட்டது. சனிக்கிழமையில் விற்றமின் ஆறு. மற்ற ஆறு நாளும் மெதோட்ரெக்சேற் ஒவ்வொன்று. கிழமை முடிவில் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் அந்த மருந்து ஒருநாள் வந்து ஆறு நாள் விலகி நிற்க வேண்டும். நாள் தவறாமல் வந்தால், கொஞ்சமாக வந்தாலும் நஞ்சு. வாயை, மச்சையை, எல்லாவற்றையும் பிடிக்கும். எப்படி எடுக்கிறீர்கள் என்று டொக்டர்மார் கேட்டபோதெல்லாம், "சனிக்கிழமை ஆறு" என்று கலீல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

றீமா இதையெல்லாம் ஹனாவுக்கு அரபில் சொல்ல வேண்டியிருந்தது. ஹனா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினா. கலீல் அவவின் முழங்கையைப் பிடித்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று றீமா எங்களுக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு அவர் என்னைப் பார்த்து, "கூட்டல் சரி. பெயர் பிழை," என்றார்.

அன்று பின்னேரமே அவரைத் தனியறைக்கு மாற்றினார்கள். நஞ்சை முறிக்கிற மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அந்தக் கட்டிலை வழித்துத் துடைத்துவிட்டு ஆட்கள் போனபிறகு, அறையில் நானும் மெற்றிலும் மட்டும்.

"நல்ல காலம், நீங்கள் கண்டியள்," என்றாள் மெற்றில். "எனக்கெண்டா ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் இருக்குது."

"மெற்றில், நீர் முதல்லை இரும்."

"என்ன, டொக்டர் ஏதும் சொன்னவவோ?"

"இல்லை. நான்தான் சொல்லோணும். அந்தச் சனிக்கிழமைக் குளிசை நான் போடுறேல்லை."

"எந்தச் சனிக்கிழமை?"

"ஒரு சனிக்கிழமையும். ஏழு மாசமா."

"நான் எல்லோ கையிலை தந்தனான்?"

"ரொய்லெற்றுக்குள்ளை போட்டனான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கட்டில் காலடியில் கிடந்த துவாயை எடுத்து மடித்தாள், உதறினாள், திரும்பவும் மடித்தாள்.

"நான் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போய், இந்தக் குளிசை வேலை செய்யோணுமெண்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திறனான்," என்றாள். "குளிசை உள்ளுக்கே போகாட்டி மாதா என்ன செய்வா?"

சத்தியெடுத்ததையும், கான்சர் மருந்து என்று அந்த ஆள் சொன்னதையும், அக்காவையும் சொன்னேன். எல்லாம் ஒரேயடியாக வந்தது.

"மச்சாள் செத்தது மருந்தாலை இல்லை," என்றாள் அவள். "மருந்து ஏத்தப் பிந்தினதாலை. நோ எண்டு ஒரு வருசம் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்தவா. உங்கடை குடும்பத்திலை எல்லாருக்கும் இதுதான் வருத்தம்."

போகும்போது வழக்கம்போல என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "நாளைக்கு டொக்டரிட்டைச் சொல்லுறியளோ, நான் சொல்லவோ?" என்று கேட்டாள்.

"நானே சொல்லுறன்."

சனிக்கிழமை காலை மூட்டு டொக்டர் வந்தார். கிருமி வளரவில்லை, காசநோய்ச் சோதனையிலும் கை வீங்கவில்லை, எல்லாம் நல்ல செய்தி என்று சிரித்துக்கொண்டு வந்தார். புது ஊசிக்கான படிவத்தை எடுத்தார். நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்ல ஒரு வசனம்தான் தேவைப்பட்டது. அவர் பேனையை மூடினார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அவர் அப்படி இருந்து கதைத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"நன்றி," என்றார். ஏச்சுக்குத் தயாராக இருந்த எனக்கு அது விளங்கவில்லை. "ஏன் நிறுத்தினீர்கள்?"

ஏழு மாதத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்க நான் இடம் கொடுக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முட்டை மணத்தைச் சொன்னேன்.

"உங்களுக்கு வேலை இல்லாத நாள் எது?"

"திங்கள்."

"அப்படியென்றால் ஞாயிறு வேலை முடிந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். பிரட்டினால் திங்கள் வீட்டில் படுத்திருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் அதே மருந்தைத் தோலுக்குக் கீழே ஊசியாகப் போடலாம், வயிற்றுக்குச் சுகம். கான்சருக்குக் கொடுக்கிற அளவு வேறு, உங்களுக்குத் தருவது அதில் ஒரு சிறு பங்கு."

அவ்வளவுதான். ஏழு மாதமும், ஒரு முழங்காலும், இந்த ஆஸ்பத்திரியும். சனிக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாக மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும்.

திங்கட்கிழமை ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தேன். வார்டை விட்டு இறங்கும்போது கலீலின் தனியறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், நித்திரையாக இருந்தார். மச்சைப் பரிசோதனையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று நேர்ஸ் சொன்னார். வெள்ளை அணுக்கள் இன்னும் குறைந்துகொண்டுதான் இருந்தன. ஏறத் தொடங்க அடுத்த கிழமை ஆகியது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மருந்து உடனே வேலை செய்யாது. ஆறாம் கிழமை வரை ஒரு வித்தியாசமும் இல்லை, ஒவ்வொரு திங்களும் வயிறு மட்டும் பிரட்டியது. மெற்றில் இஞ்சி அவித்துத் தருவாள். ஞாயிறு இரவு குளிசை போட்டதும் பக்கத்திலேயே இருந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். அவள் என்னை நம்ப நாலைந்து மாதம் பிடித்தது. அதற்கு நான் குறை சொல்லமாட்டேன். எட்டாம் கிழமை ஒரு காலை என் பொத்தானை நானே பூட்டினேன். சமையலறைக்குத் திரும்பிப் போனேன். ஆனால் வலது கையின் இரண்டு விரல்கள் சாய்ந்தது சாய்ந்ததுதான். அவை அந்த ஏழு மாதத்தில் போனவை.

வசந்தகாலத்தில் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் றீமாவைக் கண்டேன். இப்போது கேள்விகளெல்லாம் முடிந்தபிறகு, பெட்டியைக் கையில் கொடுத்து, "எப்படி எடுக்கிறீர்கள் என்று செய்து காட்டுங்கள்" என்று எல்லாரிடமும் கேட்கிறாளாம். "செய்து காட்டும்போதுதான் தெரிகிறது," என்றாள்.

அவள் விலகியபோது பின்னால் கலீல் நின்றார். முகம் தெளிந்து, உடம்பு கொஞ்சம் வைத்திருந்தது. ஹனா எட்ட இருந்து தலையசைத்தா. எங்கள் வருத்தக்காரர் யாருக்கும் கைகொடுக்க மாட்டார்கள். சுகதேகிகள் பிடித்து அழுத்தினால் உயிர் போய்விடும், அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோ சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டோ நிற்கப் பழகிவிடுவோம். கலீல் சட்டைப்பைக்குள்ளிருந்து கையை எடுத்து என் முன் நீட்டினார். நானும் நீட்டினேன். முட்டையைத் தூக்குவதுபோல ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். இரண்டு பேருக்கும் நோகவில்லை.